ஜோசப் பேஸல்ஜெட்: லண்டனுக்குப் பாதாள சாக்கடை கட்டிய இன்ஜினீயர்... யார் இவர், என்ன செய்தார்?

லண்டனுக்குச் சுற்றுலா போகிறவர்கள் தேம்ஸ் கரையில் ஒரு நடை நடக்காமல் திரும்புவதில்லை. பிக் பென் கடிகாரக் கோபுரத்தின் பக்கத்தில் தொடங்கி கிழக்கே நீளும் அந்த அகலமான சாலைக்கு விக்டோரியா எம்பேங்க்மென்ட் என்று பெயர். வரிசையாக மரங்கள், பழைய காலத்து விளக்குக் கம்பங்கள், செல்ஃபி கூட்டம். காலுக்குக் கீழே சுரங்க ரயில் ஓடுகிறது. அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் ஓடுகிறது. நகரத்தின் கழிவுநீர். சுமார் 150 வருஷமாக, அதே செங்கல் குழாயில்.

அந்தச் சாலை, அந்தக் கரைச்சுவர், அந்தக் குழாய் மூன்றும் ஒரே ஆள் போட்ட திட்டம். பெயர் ஜோசப் பேஸல்ஜெட். லண்டனை காலராவிலிருந்து காப்பாற்றியவர் என்று இவரைப் பற்றி அடிக்கடி ஷேர் ஆவதைப் பார்த்திருப்பீர்கள். அது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் அவர் கட்டியது காலராவை ஒழிப்பதற்காக அல்ல, நாற்றத்தை ஒழிப்பதற்காக. அந்த நாற்றமும் எங்கேயும் மறைந்துவிடவில்லை. கொஞ்ச தூரம் தள்ளிப் போனது, அவ்வளவுதான். இந்தக் கதையில் பலரும் சொல்லாமல் விடுவது அந்தப் பகுதியைத்தான்.

தையல்காரர் வீட்டுப் பேரன்

1819 மார்ச் 28-ம் தேதி, லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டில் பிறந்தார் பேஸல்ஜெட். பெயரைக் கேட்டாலே இங்கிலாந்துப் பெயர் இல்லை என்று தெரிந்துவிடும். தாத்தா பிரான்ஸிலிருந்து பிழைக்க வந்த தையல்காரர். சாதாரணத் தையல்காரர் இல்லை, வேல்ஸ் இளவரசருக்கே துணி தைத்துக் கொடுத்து, அவருக்குக் கடனும் கொடுக்கிற அளவுக்கு வளர்ந்தவர். அப்பா கடற்படை அதிகாரி. பேரன் இன்ஜினீயர் ஆனார்.

அந்தக் காலத்தில் இன்ஜினீயரிங் காலேஜ் போய்ப் படிக்கிற வழக்கம் பெரிதாக இல்லை. அனுபவமுள்ள ஒரு இன்ஜினீயரிடம் சேர்ந்து தொழில் கற்றுக்கொள்வதுதான் வழி. ஜான் மெக்நீல் என்பவரிடம் சேர்ந்த பேஸல்ஜெட், அயர்லாந்தின் வடக்குப் பகுதியில் நிலத்து நீரை வடிக்கும் வேலைகளைப் பார்த்தார். தண்ணீர் எங்கே தேங்கும், எந்தச் சரிவில் ஓடும் என்கிற பாடத்தை அங்கேதான் படித்தார். பிறகு அதுதான் அவருக்குச் சோறு போட்டது.

1842-ல் லண்டனில் தனியாக ஆபீஸ் போட்டார். அது ரயில்வே பைத்தியம் பிடித்த காலம். இன்றைய ஸ்டார்ட்-அப் ஜுரம் மாதிரி, யாரைப் பார்த்தாலும் ஒரு ரயில் பாதை திட்டத்தைக் கையில் வைத்திருந்தார்கள். வேலை குவிந்தது. ராத்திரி பகலாக உழைத்தவர் 1847-ல் அப்படியே சுருண்டு விழுந்தார். இன்று பர்ன்-அவுட் என்கிறோமே, அதேதான். உருவத்திலும் சிறியவர், ஆஸ்துமா தொல்லை வேறு. எல்லாவற்றையும் விட்டுவிட்டு கிராமப்புறத்தில் போய் உடம்பைத் தேற்றிக்கொண்டு, 1849-ல் லண்டனின் கழிவுநீர் ஆணையத்தில் உதவி சர்வேயராக வேலைக்குச் சேர்ந்தார். அப்போது அது யாரும் ஆசைப்பட்டுச் சேர்கிற வேலை இல்லை.

ஃபிளஷ் டாய்லெட் கொண்டுவந்த வினை

அன்றைய லண்டன் எப்படி இருந்தது? 1801-ல் சுமார் 10 லட்சம் பேர் வாழ்ந்த நகரத்தில் 1851-ல் 23 லட்சத்துக்கும் அதிகமானவர்கள். உலகத்தின் மிகப் பெரிய நகரம். ஆனால் கழிவை அகற்றும் முறை மட்டும் பழசு. வீட்டுக்கு அடியிலோ கொல்லைப்புறத்திலோ ஒரு மலக்குழி. நகரம் முழுக்க இப்படி சுமார் 2 லட்சம் குழிகள். ராத்திரியில் ஆட்கள் வந்து அள்ளி, வண்டியில் ஏற்றி, ஊருக்கு வெளியே விவசாயிகளுக்கு எருவாக விற்றார்கள். அதற்குக் காசு வீட்டுக்காரர் கொடுக்க வேண்டும். ஏழை வாடகை வீடுகளில் உரிமையாளர் அந்தக் காசைக் கொடுக்க மாட்டார். குழி நிரம்பி தரைக்கு மேலே வழியும்.

தெருக்களில் சாக்கடைகள் இருந்தன. ஆனால் அவை மழைத்தண்ணீருக்கானவை. வீட்டு மலத்தை அவற்றில் விடுவதே 1815 வரைக்கும் சட்டப்படி குற்றம். நகரம் வளர வளர விவசாய நிலம் தூரமாகப் போனது. 1840-களின் கடைசியில் தென் அமெரிக்காவிலிருந்து பறவை எச்ச உரம் கப்பலில் மலிவாக வந்து இறங்கியது. மனிதக் கழிவை வாங்க ஆளில்லை.

இந்த நேரத்தில்தான் ஃபிளஷ் டாய்லெட் பிரபலமானது. 1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்பவர் வைத்த பொதுக் கழிப்பறைகளை, ஆளுக்கு ஒரு பென்னி கொடுத்து 8 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் பயன்படுத்தினார்கள். வீட்டுக்குப் போனதும் அவர்களில் வசதியானவர்களுக்கு அதே மாதிரி ஒன்று வேண்டும் என்று தோன்றியது. ஒவ்வொரு ஃபிளஷுக்கும் சில லிட்டர் தண்ணீர். மலக்குழிகளால் அந்தத் தண்ணீரைத் தாங்க முடியவில்லை.

எட்வின் சாட்விக் என்ற சீர்திருத்தவாதி, மலக்குழிகளை மூடிவிட்டு எல்லா வீடுகளையும் சாக்கடையோடு இணைக்க வேண்டும் என்று விடாமல் வாதாடினார். கெட்ட நாற்றமே நோய், நாற்றத்தை வீட்டிலிருந்து விரட்டினால் நோயும் போய்விடும் என்பது அவர் நம்பிக்கை. 1840-களின் இறுதியில் அது சட்டமானது. சில வருஷங்களுக்குள் ஆயிரக்கணக்கான மலக்குழிகள் மூடப்பட்டன. எல்லாம் சாக்கடைக்குப் போனது, சாக்கடை தேம்ஸுக்குப் போனது. லண்டன்வாசிகளில் பலர் குடித்த தண்ணீரும் அதே தேம்ஸிலிருந்துதான் வந்தது.

காலரா முதலில் 1831-32ல் வந்து 6,500 பேரைக் கொன்றது. 1848-49ல் சுமார் 14,000 பேர். 1853-54ல் 10,000க்கும் அதிகம். மலக்குழிகளை மூடியதால் நோய் குறையவில்லை.

காலரா தண்ணீர் வழியாகத்தான் பரவுகிறது என்று ஒரு டாக்டர் அப்போதே சொல்லிக்கொண்டிருந்தார். ஜான் ஸ்னோ. 1854-ல் பிராட் ஸ்ட்ரீட்டில் ஒரு தெருப் பம்ப்பைச் சுற்றித்தான் சாவுகள் குவிகின்றன என்று வீடு வீடாகக் கணக்கெடுத்துக் காட்டினார். அரசு மருத்துவ வட்டாரம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பேஸல்ஜெட்டும் தன் காலத்துப் பெரும்பாலான நிபுணர்களைப் போல கெட்ட காற்றுக் கொள்கையைத்தான் நம்பினார்.

பணமும் அதிகாரமும் இல்லாத திட்டம்

கழிவை ஆற்றில் விழாமல் இடையிலேயே பிடித்து நகரத்துக்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்கிற யோசனை பேஸல்ஜெட்டுடையது மட்டும் இல்லை. ஆணையம் பொதுமக்களிடம் திட்டம் கேட்டபோது நூற்றுக்கும் அதிகமான யோசனைகள் வந்து குவிந்தன. அவற்றையெல்லாம் படித்துத் தரம் பிரிப்பது அந்த உதவி சர்வேயரின் வேலைகளில் ஒன்று. தலைமை இன்ஜினீயராக இருந்த ஃபிராங்க் ஃபாஸ்டர் 1852-ல் இறந்துபோக, பேஸல்ஜெட் அந்த இடத்துக்கு வந்தார்.

தொழில்நுட்பத்தை விடப் பெரிய சிக்கல் நிர்வாகம். லண்டன் அன்று ஒரே ஊராக ஆளப்படவில்லை. வெஸ்ட்ரி எனப்பட்ட வட்டார சபைகள் டஜன் கணக்கில் இருந்தன. ஒவ்வொன்றும் தன் தெருச் சாக்கடையைத் தன் இஷ்டப்படி கட்டின. ஒரு வட்டாரத்தில் பெரிய குழாய், அது போய்ச் சேரும் பக்கத்து வட்டாரத்தில் சின்னக் குழாய். மேட்டில் இருக்கும் வட்டாரத்தின் அழுக்கு பள்ளத்தில் இருக்கும் வட்டாரத்தின் வீட்டுக்குள் ஏறும். ஆற்றை யார் சுத்தம் செய்வது என்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

1855-ல் நாடாளுமன்றம் மெட்ரோபாலிட்டன் போர்டு ஆஃப் ஒர்க்ஸ் என்ற வாரியத்தை உருவாக்கியது. மொத்த லண்டனுக்கும் ஒரே அமைப்பு என்பது அதுதான் முதல் தடவை. 1856-ல் பேஸல்ஜெட் அதன் தலைமை இன்ஜினீயர் ஆனார். புகழின் உச்சியில் இருந்த இன்ஜினீயர் இசம்பார்ட் புரூனெல் அவருக்காகச் சிபாரிசு செய்தார்.

ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு முடிச்சு இருந்தது. பெரிய திட்டம் எதுவானாலும் அரசின் பொதுப்பணி அமைச்சர் கையெழுத்துப் போட்டால்தான் நடக்கும். அந்தப் பதவியில் இருந்த பெஞ்சமின் ஹால் கையெழுத்துப் போடவில்லை. கழிவுநீர் ஆற்றில் கலக்கும் இடம் நகரத்துக்கு மிக அருகில் இருக்கிறது, இன்னும் கிழக்கே தள்ளுங்கள் என்றார். தள்ளினால் செலவு ஏறும், அதை யார் கொடுப்பது என்று வாரியம் கேட்டது. ஃபைல் போய்ப் போய் வந்தது. இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

நியாயமாகப் பார்த்தால் ஹால் கேட்டது தப்பான கேள்வி இல்லை. அது பின்னால் தெரியும்.

1858: நாற்றம் நாடாளுமன்றத்துக்குள் வந்தது

1858 ஜூன் மாதம் வெயில் கொளுத்தியது. மழை இல்லாமல் தேம்ஸ் வற்றியது. இரு கரையிலும் சேறும் மலமும் வெயிலில் வெந்தன. தேம்ஸில் கடல் அலை ஏறி இறங்கும் என்பதால், ஒரு தடவை ஆற்றில் விட்ட கழிவு கடலுக்குப் போய்விடாது. ஏற்றத்தில் திரும்பி வரும், இறக்கத்தில் போகும், மறுபடி வரும். மூன்று வருஷம் முன்னாலேயே விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே படகில் போனபோது வெள்ளைக் காகிதத் துண்டுகளை ஆற்றில் போட்டுப் பார்த்து, தண்ணீரில் கொஞ்சம் முங்கியதுமே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுவதாகப் பத்திரிகைக்கு எழுதியிருந்தார். அப்போது சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

இப்போது சிரிக்க முடியவில்லை. ஆற்றங்கரையில் அப்போதுதான் புதிதாகக் கட்டியிருந்த நாடாளுமன்றத்துக்குள் உட்கார முடியவில்லை. திரைச்சீலைகளைக் குளோரைடு சுண்ணாம்புக் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். நிதியமைச்சர் டிஸ்ரேலி ஒரு கையில் காகிதங்களும் மறு கையால் மூக்கில் கைக்குட்டையுமாக கமிட்டி அறையிலிருந்து வெளியேறியதைப் பத்திரிகைகள் எழுதின. நாடாளுமன்றத்தையே வேறு ஊருக்கு மாற்றலாமா என்று பேச்சு அடிபட்டது.

ஜூலை நடுவில் மசோதா வந்தது. ஆகஸ்ட் 2-ம் தேதி சட்டமாகிவிட்டது. மொத்தம் 18 நாள். இனி அமைச்சரின் கையெழுத்து வேண்டாம். 30 லட்சம் பவுண்டு வரை கடன் வாங்கலாம். அதைத் திருப்பிக் கட்ட, லண்டன் முழுக்க வீட்டு வரி மதிப்பில் ஒவ்வொரு பவுண்டுக்கும் 3 பென்ஸ் வீதம் 40 வருஷத்துக்கு வரி.

ஆயிரக்கணக்கில் ஆட்கள் செத்தபோது நகராத ஃபைல், உறுப்பினர்களின் மூக்கில் ஏறியதும் 18 நாளில் முடிந்தது. தண்ணீர்தான் காலராவைக் கொண்டு வருகிறது என்று சொன்ன ஜான் ஸ்னோ இதைப் பார்க்கவில்லை. அந்த ஜூன் 16-ம் தேதி, நாற்றம் உச்சத்தில் இருந்த வாரங்களில், 45 வயதில் இறந்துபோனார்.

எப்படிக் கட்டினார்?

ஐடியா எளிமையானது. பழைய சாக்கடைகள் எல்லாமே வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் ஆற்றை நோக்கி இறங்கின. அவற்றுக்குக் குறுக்கே, ஆற்றுக்கு இணையாக, மேற்கிலிருந்து கிழக்கே பெரிய சுரங்கக் கால்வாய்களைக் கட்டினால் போதும். கழிவு ஆற்றைத் தொடும் முன்பே இவை வாங்கிக்கொள்ளும். ஆற்றுக்கு வடக்கே வெவ்வேறு உயரங்களில் மூன்று கால்வாய். தெற்கேயும் இதே மாதிரி அமைப்பு. மொத்த நீளம் 82 மைல், அதாவது சுமார் 132 கி.மீ. இது பிரதானக் கால்வாய் மட்டும். இவற்றோடு இணைந்த தெருச் சாக்கடைகள் இன்னும் 1,100 மைல்.

முடிந்தவரை பம்ப் கிடையாது, மோட்டார் கிடையாது. சரிவுதான் வேலை செய்ய வேண்டும். பேஸல்ஜெட் வைத்த சரிவு மைலுக்கு 2 அடி. நம் கணக்கில் ஒரு கிலோமீட்டருக்கு வெறும் 38 சென்டிமீட்டர். கண்ணால் பார்த்தால் சமதளம் மாதிரிதான் இருக்கும். இதில் கொத்தனார் கொஞ்சம் பிசகினாலும் கழிவு தேங்கி, மணல் படிந்து, அடைத்துக்கொள்ளும். பல கால்வாய்களை முட்டை வடிவத்தில், குறுகலான முனை கீழே வருகிற மாதிரி கட்டினார்கள். தண்ணீர் குறைவாக வரும் நேரத்திலும் அடியில் ஒடுங்கி வேகமாக ஓடி, தானே கழுவிக்கொண்டு போகும்.

சரிவு ஓரிடத்தில் முடிந்துதான் ஆக வேண்டும். தாழ்வான பகுதியின் கழிவை மேலே ஏற்ற டெப்ட்ஃபோர்டு, கிராஸ்னஸ், ஆபி மில்ஸ் ஆகிய இடங்களில் நீராவி இன்ஜின் வைத்த பம்பிங் ஸ்டேஷன்கள். ஆபி மில்ஸை வெளியிலிருந்து பார்த்தால் மாதா கோயிலா, அரண்மனையா என்று சந்தேகம் வரும். உள்ளே போனால் சாக்கடை பம்ப்.

சுமார் 31.8 கோடி செங்கற்கள் போயின. லண்டனில் செங்கல் விலை ஏறியது, கொத்தனார்களின் தினக்கூலியும் ஏறியது. சுண்ணாம்புக் கலவைக்குப் பதில், தண்ணீரிலேயே இறுகும் போர்ட்லாண்ட் சிமென்டைத் தேர்ந்தெடுத்ததுதான் பேஸல்ஜெட் எடுத்த பெரிய ரிஸ்க். இவ்வளவு பெரிய அரசு வேலையில் அதுவரை யாரும் அதை நம்பி இறங்கியதில்லை. தயாரிப்பில் கொஞ்சம் சூடு கூடினாலும் குறைந்தாலும் அந்த சிமென்ட் வீண். அதனால் வந்த சரக்கை எல்லாம் கட்டியாக வார்த்து, இழுத்து, உடைத்துப் பார்த்த பிறகே சைட்டுக்கு அனுப்பினார்கள். உதவி இன்ஜினீயர் ஜான் கிராண்ட் இதைக் கவனித்துக்கொண்டார். கான்ட்ராக்டர்கள் திட்டியிருப்பார்கள். ஆனால் அந்தக் கால்வாய்கள் இன்னும் உறுதியாக நிற்பதற்கு அதுதான் காரணம்.

எத்தனை பேருக்காகக் கட்டுவது? அன்றைய மக்கள்தொகை 25 லட்சத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. பேஸல்ஜெட் சுமார் 34.5 லட்சம் பேருக்குக் கணக்குப் போட்டார். தாராளமான கணக்குதான். ஆனால் அவர் கண் மூடுவதற்குள்ளேயே லண்டன் 42 லட்சத்தைத் தொட்டுவிட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று அவர் சொன்னதைப் போல இரண்டு மடங்கு குழாய் போட்டார் என்று பரவும் வாட்ஸ்ஆப் கதையை இந்த எண்களோடு வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிழக்கு லண்டன் ஏன் காத்திருந்தது?

1865 ஏப்ரல் 4-ம் தேதி கிராஸ்னஸ் பம்பிங் ஸ்டேஷனை வேல்ஸ் இளவரசர் திறந்துவைத்தார். நான்கு பிரம்மாண்ட இன்ஜின்களுக்கும் அரச குடும்பத்தின் பெயர்கள். விருந்தாளிகளுக்கு அங்கேயே விருந்து. சாக்கடை திட்டம் வெற்றி என்று எல்லோரும் எழுதினார்கள்.

அடுத்த வருஷமே காலரா திரும்பி வந்தது. 1866-ல் லண்டனில் 5,500 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆனால் இந்தத் தடவை நகரம் முழுக்க இல்லை. பெரும்பாலான சாவுகள் ஒயிட்சேப்பல், பெத்னல் கிரீன், போப்ளர் என்று கிழக்கு லண்டனில்தான். துறைமுகக் கூலிகளும் தொழிலாளர்களும் குடியிருந்த ஏழைப் பகுதிகள் அவை. மேப்பில் பார்த்தால், புதிய கால்வாயோடு இன்னும் இணைக்கப்படாத பகுதியும் அதுதான். ஆபி மில்ஸ் பம்பிங் ஸ்டேஷன் கட்டி முடித்தால்தான் அங்கே கால்வாய் வேலை செய்யும். அது முடிந்தது 1868-ல்.

பாதாள சாக்கடை மட்டும் காரணம் இல்லை. குடிதண்ணீர் கதை தனி. சாக்கடைக்கு ஒரே பொது வாரியம் வந்துவிட்டாலும், குடிநீர் அப்போதும் எட்டு தனியார் கம்பெனிகளின் கையில்தான் இருந்தது. ஒவ்வொரு ஏரியாவும் ஒவ்வொரு கம்பெனிக்கு. பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ள வழியில்லை. அலை ஏறும் பகுதியில் தேம்ஸ் தண்ணீரை எடுக்கக் கூடாது, வடிகட்டித்தான் கொடுக்க வேண்டும் என்று 1852 சட்டம் சொன்னது. கிழக்குப் பகுதிக்குத் தண்ணீர் கொடுத்த ஈஸ்ட் லண்டன் கம்பெனி, ஓல்டு ஃபோர்டில் இருந்த திறந்தவெளி நீர்த்தேக்கத்திலிருந்து வடிகட்டாத தண்ணீரை விநியோகித்தது விசாரணையில் வெளியே வந்தது.

இதைக் கண்டுபிடித்தவர் வில்லியம் ஃபார். அரசின் பிறப்பு-இறப்புப் புள்ளிவிவரங்களைக் கையாண்டவர். முன்பு கெட்ட காற்றுக் கொள்கையை நம்பி ஸ்னோவைச் சந்தேகித்தவர்களில் ஒருவர். இப்போது தெருவாரியாகச் சாவு எண்ணிக்கையையும் தண்ணீர் கம்பெனியின் எல்லையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து மனம் மாறினார். ஒரே நகரத்தில் இணைப்பு கிடைத்த பகுதி தப்பித்தது, கிடைக்காத பகுதி செத்தது. இதைவிடத் தெளிவான ஆதாரம் யாருக்கும் தேவைப்படவில்லை. லண்டனுக்குள் பெரிய அளவில் காலரா வந்தது அதுவே கடைசி. 1892-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் காலரா 8,000க்கும் அதிகமானவர்களைக் கொன்றபோது லண்டன் தப்பித்தது.

காலராக் கிருமியை ராபர்ட் கோக் 1884-ல் கொல்கத்தாவில் உறுதிசெய்தார். அதற்குள் பேஸல்ஜெட்டின் கால்வாய்கள் ஓட ஆரம்பித்து பல வருஷம் ஆகியிருந்தது. நோய்க்கான காரணம் அவருக்குத் தவறாகத் தெரிந்திருந்தும், கழிவையும் குடிதண்ணீரையும் பிரித்து வைத்ததில் மருந்து சரியாக அமைந்துவிட்டது.

கரையையே நகர்த்தியவர்

வடக்குக் கரையின் தாழ்மட்டக் கால்வாயை எங்கே புதைப்பது? மத்திய லண்டனின் நெரிசலான ஸ்ட்ராண்ட் சாலையைத் தோண்டினால் கடைக்காரர்கள் கொந்தளிப்பார்கள், நஷ்டஈடும் கொடுத்து மாளாது. எனவே ஆற்றுக்குள்ளேயே சுவர் எழுப்பி, நடுவில் மண்ணைக் கொட்டி நிலமாக்கினார்கள். விக்டோரியா, ஆல்பர்ட், செல்சி என்று மூன்று எம்பேங்க்மென்ட்கள். சேர்த்து 52 ஏக்கர் புது நிலம். விக்டோரியா எம்பேங்க்மென்ட்டுக்குள் கழிவுநீர்க் கால்வாய், ரயில் பாதை, கேஸ் - தண்ணீர்க் குழாய்களுக்குத் தனிச் சுரங்கம் எல்லாம் ஒன்றாக அடங்கின. ரோட்டை ஒரு தடவை போட்டுவிட்டு மறுநாளே குழாய்க்காகத் தோண்டுகிற வேலை இல்லை. 1870-ல் அது திறக்கப்பட்டது. செல்சி 1874-ல் முடிந்தது. பேஸல்ஜெட்டுக்கு சர் பட்டமும் அந்தச் சமயத்தில் வந்தது.

இதற்கு இடையில் பாலங்கள், சாலைகள், பூங்காக்கள் என்று வாரியத்தின் எல்லா வேலையும் அவர் மேசைக்குத்தான் வந்தது. இன்றைய பட்னி, ஹேமர்ஸ்மித், பேட்டர்ஸி பாலங்கள் அவர் வடிவமைத்தவை. வீட்டில் பெரிய குடும்பம். மனைவி மரியாவோடு வளர்த்த பிள்ளைகள் ஒரு கிரிக்கெட் டீமுக்குக் கிட்ட வரும். அந்த வம்சத்தில் வந்த கொள்ளுப்பேரனின் மகன் பீட்டர் பேஸல்ஜெட்தான் பிக் பிரதர் நிகழ்ச்சியை பிரிட்டிஷ் டிவிக்குக் கொண்டுவந்தவர். நம்ம ஊர் பிக் பாஸுக்கும் மூலம் அந்த நிகழ்ச்சிதான்.

பிரின்சஸ் ஆலிஸ்

வடக்குக் கரையில் பெக்டன், தெற்குக் கரையில் கிராஸ்னஸ். நகரத்தின் மொத்தக் கழிவும் வந்து சேர்ந்த இடங்கள் இவை. இங்கே சுத்திகரிப்பு எதுவும் கிடையாது. பெரிய தொட்டிகளில் சேர்த்து வைத்து, அலை இறங்கும்போது மதகைத் திறந்து அப்படியே தேம்ஸில் விட்டார்கள். கடல் இழுத்துக்கொண்டு போய்விடும் என்பது கணக்கு.

அருகில் இருந்த பார்க்கிங் ஊர் மக்களுக்கு அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. ஆற்றில் அசிங்கம் தேங்குகிறது, சேற்றுத் திட்டுகள் உருவாகின்றன என்று 1860-களின் இறுதியிலேயே புகார் கொடுத்தார்கள். வாரியம் மறுத்தது. பேஸல்ஜெட்டும் தன் வாரியத்தின் பக்கமே நின்றார். ஆற்றுப் போக்குவரத்தைக் கவனித்த அமைப்பும் பிறகு அதே புகாரைச் சொன்னது. அதையும் மறுத்தார்கள்.

1878 செப்டம்பர் 3-ம் தேதி மாலை. பிரின்சஸ் ஆலிஸ் என்ற நீராவிப் படகு ஒரு நாள் டூர் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தது. குடும்பம் குடும்பமாக நூற்றுக்கணக்கான ஆட்கள். கழிவு திறந்துவிடப்படும் இடங்களுக்கு அருகே, பைவெல் காசில் என்ற நிலக்கரிக் கப்பல் அதன் மேல் மோதியது. சில நிமிடங்களில் படகு மூழ்கியது. சுமார் 650 பேர் இறந்தார்கள். அதற்குக் கொஞ்ச நேரம் முன்புதான் இரண்டு மதகுகளிலிருந்தும் கழிவு திறந்துவிடப்பட்டிருந்தது. நீச்சல் தெரிந்தவர்கள்கூடத் தப்பவில்லை. கரையேறியவர்களிலும் சிலர் பிறகு இறந்தார்கள். மீட்கப்பட்ட உடல்களின் மேல் படிந்திருந்த வழுவழுப்பான அழுக்கைப் பற்றி அன்றைய செய்திகள் பேசின.

மோதலுக்குக் காரணம் சாக்கடை இல்லைதான். ஆனால் அந்த ஆற்றில் என்ன இருக்கிறது என்ற கேள்வியை இனி பார்க்கிங்காரர்களின் புலம்பல் என்று தள்ள முடியவில்லை. 1882-ல் அரசு விசாரணைக் குழு அமைத்தது. 1884-ல் அது வாரியத்துக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னது. கழிவை இப்படியே ஆற்றில் விடக் கூடாது, திடப்பொருளைத் தனியாகப் பிரிக்க வேண்டும். அதன்பின் பெக்டனிலும் கிராஸ்னஸிலும் ரசாயனம் கலந்து கசடைப் படியவைக்கும் தொட்டிகள் கட்டப்பட்டன. சேர்ந்த கசடைக் கப்பலில் ஏற்றிக் கடலில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். 1887-ல் ஓடத் தொடங்கிய முதல் கசடுக் கப்பலின் பெயர் பேஸல்ஜெட். மரியாதைக்காகத்தான் வைத்தார்கள். கடலில் கொட்டுவது 1998 வரைக்கும் தொடர்ந்தது.

வாரியம் போனது, கவுன்ட்டி வந்தது

மெட்ரோபாலிட்டன் வாரியத்துக்கு மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டதில்லை. வட்டார சபைகள்தான் உறுப்பினர்களை அனுப்பின. வரி கட்டுகிறவர் கேள்வி கேட்க ஆளில்லை. 1880-களில் வாரியத்தின் நிலங்களை வேண்டப்பட்டவர்களுக்குக் கொடுத்து அதிகாரிகள் கமிஷன் அடித்த விவகாரம் வெடித்தது. விசாரணையில் சிக்கியது நிலமும் கட்டடமும் கவனித்த பிரிவின் ஆட்கள். ஆனால் வாரியத்தின் பெயரே நாறிவிட்டது. 1889-ல் அதைக் கலைத்துவிட்டு, மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் லண்டன் கவுன்ட்டி கவுன்சிலைக் கொண்டுவந்தார்கள். சாக்கடைகளும் பாலங்களும் அதன் கைக்குப் போயின. 33 வருஷம் தலைமை இன்ஜினீயராக இருந்த பேஸல்ஜெட், வாரியத்தோடு சேர்ந்து தானும் ஓய்வு பெற்றார். குடிநீர் கம்பெனிகள் பொது அமைப்பின் கீழ் வர இன்னும் பதினைந்து வருஷம் ஆனது.

1891 மார்ச் 15-ம் தேதி விம்பிள்டனில் இறந்தார். வயது 71. பத்து வருஷம் கழித்து எம்பேங்க்மென்ட் சுவரில் அவருக்கு ஒரு நினைவுச் சின்னம் வைத்தார்கள். தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் அதைக் கடந்து போகிறார்கள். நின்று பார்ப்பவர்கள் குறைவு.

அவருடைய கால்வாய்கள் மழைநீரையும் கழிவுநீரையும் ஒன்றாகவே சுமக்கின்றன. பெருமழையில் கால்வாய் நிரம்பினால் வீடுகளுக்குள் ஏறாமல் இருக்க, உபரி தேம்ஸில் வழிந்துவிடும்படி வடிகால் வைத்திருந்தார். எப்போதாவது ஒரு தடவை நடக்கும் என்று நினைத்து வைத்த ஏற்பாடு, நகரம் பெருத்த பிறகு வாராவாரம் நடக்கிற சமாச்சாரமாகிவிட்டது. அதைத் தடுக்க 2016-ல் வேலை தொடங்கி, 2025 பிப்ரவரியில் முழுமையாக இணைக்கப்பட்டது தேம்ஸ் டைட்வே சுரங்கம். 25 கி.மீ. நீளம், 7.2 மீட்டர் விட்டம். செலவை தேம்ஸ் வாட்டர் வாடிக்கையாளர்கள் தங்கள் கழிவுநீர் பில்லில் கட்டுகிறார்கள். கவுன்ட்டி கவுன்சில் வந்து சரியாக நூறு வருஷம் கழித்து, 1989-ல் தனியார்மயமான நிறுவனம் அது. மேற்கே ஆக்டனில் தொடங்கும் இந்தப் புதிய சுரங்கம் ஆபி மில்ஸில் போய் முடிகிறது. அங்கிருந்து கழிவுநீர் போவது பெக்டனுக்குத்தான்.